மரபணுவும் மருந்தின் பக்கவிளைவும்

விழுங்கிய மாத்திரை உடலில் அப்படியே தங்குவதில்லை. குடல் அதை உறிஞ்சுகிறது. கல்லீரலிலுள்ள நொதிகள் அதை உடைக்கின்றன, அல்லது அதனுடன் வேறொரு சிறு மூலக்கூறை ஒட்டி உருமாற்றுகின்றன. சிறுநீரகம் அதைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. இந்தப் பயணத்தின் பல கட்டங்களில் வேலைசெய்பவை புரதங்கள். ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய செய்முறை ஒரு மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த எழுத்தில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுக்க எந்த அடையாளமும் காட்டாமல் கிடக்கும். சில மட்டும், ஒரு குறிப்பிட்ட மருந்து உடலுக்குள் நுழையும் நாளில் வெளிப்படும். சரியான நோய்க்குச் சரியான மருந்தைச் சரியான அளவில் எடுத்துக்கொண்டவரும் அதனால் துன்பப்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மருந்தால் விளையும் தீங்கு அரிதான செய்தி அல்ல. இங்கிலாந்தின் லிவர்பூல் வட்டாரத்தில் 18,820 மருத்துவமனைச் சேர்க்கைகளை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 6.5 விழுக்காடு மருந்தின் பாதகமான விளைவோடு தொடர்புடையவை என்று காட்டியது. அவை அனைத்துக்கும் மரபணுவைக் காரணம் சொல்ல முடியாது. முதுமை, பழுதுபட்ட சிறுநீரகம், ஒன்றோடொன்று மோதும் மருந்துகள், தவறான அளவு என்று காரணங்கள் பல. ஆனால் மரபணு வேறுபாடு மருந்து கொடுப்பதற்கு முன்பே, சில வேளை பிறந்த அன்றே, கண்டறியக்கூடியது. இத்துறையின் மதிப்பு அதில்தான் இருக்கிறது.

இதை மருத்துவம் கற்றுக்கொண்ட வரலாற்றில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. 1952-இல் காசநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்த ஐசோனியசிட் மலிவானது, வலுவானது. ஆனால் அதை உட்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் விரல்கள் மரத்துப்போயின, பாதம் எரிந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) இந்தக் கேள்வியை முறையாக எடுத்துக்கொண்டது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், காசநோயாளரை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டிய அதே மையம் இது. கல்லீரலில் ஒரு நொதி ஐசோனியசிட்டுடன் அசிட்டைல் தொகுதியை ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்கிறது. சிலருக்கு அந்த நொதி வேகமாக வேலை செய்யும். இரத்தத்திலுள்ள மருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். மெதுவாகச் செயல்படுபவர்களுக்கு அதற்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். தென்னிந்திய நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மெதுவான வகையினர் என்பதும், நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் அவர்களையே தாக்குகிறது என்பதும் சென்னை ஆய்வுகளில் தெளிவாயின. ஜப்பானியரில் இந்த வகையினர் மிகக் குறைவு. ஒரே மாத்திரையின் பாதுகாப்பு சென்னையில் ஒன்றாகவும் டோக்கியோவில் வேறாகவும் இருக்கக்கூடும் என்பதை இந்த எண்கள் அப்போதே உணர்த்தின.

காரணம் தெரிந்ததும் தீர்வு எளிதாயிற்று. ஐசோனியசிட் உடலிலுள்ள பி6 வைட்டமினின் வேலையைக் குலைப்பதால்தான் நரம்பு கெடுகிறது. சில மில்லிகிராம் பி6 மாத்திரை அதைத் தடுத்துவிடும் என்பதையும் சென்னை மையம் நிறுவியது. காசநோய் மாத்திரைகளோடு சேர்த்துத் தரப்படும் சின்னஞ்சிறு பி6 மாத்திரைக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. வேகமான வகையினருக்கு நேர்மாறான சிக்கல் வந்தது. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து தரும் திட்டங்களில், கிருமியைக் கொல்லும் முன்பே மருந்து உடலைவிட்டு நீங்கியதால், அவர்களுக்குப் பலன் குறைந்தது. இந்த நொதிக்கான என்ஏடி2 மரபணு எட்டாம் குரோமோசோமில் இருப்பது பின்னாளில்தான் தெரியவந்தது. மரபணுவைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, இரத்தத்தில் மருந்தின் அளவைக் கணக்கிட்டே அதன் விளைவைப் படித்துவிட்ட அந்தத் தலைமுறையின் உழைப்பு வியப்புக்குரியது.

நொதி மெதுவாக வேலைசெய்தால் மருந்து தேங்கும். அடியோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1975-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவக் கல்லூரியின் ராபர்ட் ஸ்மித் தம் உடலிலேயே உணர்ந்தார். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் டெப்ரிசோகுவின் என்ற மருந்தை அவரும் உடன் பணியாற்றியவர்களும் சோதனைக்காக உட்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஏதும் பெரிதாக நேரவில்லை. அவருக்கோ தலைசுற்றி, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கியது. சிறுநீரை ஆராய்ந்ததில், அவர் உடல் அந்த மருந்தை ஏறக்குறைய மாற்றமே இல்லாமல் வெளியேற்றியிருந்தது. அந்தத் தேடல் சென்று நின்ற இடம் சிஒய்பி2டி6 என்ற நொதி. இன்று பயன்பாட்டிலுள்ள மருந்துகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை உருமாற்றுவதில் அதற்குக் கை உண்டு. ஐரோப்பியரில் 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு அது செயல்படுவதில்லை. இந்தியரிடம் இந்த விகிதம் குறைவு.

இந்த மரபணு இன்னொரு வகையிலும் விந்தையானது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளே வழக்கம். ஆனால் சிலரிடம் இதன் பிரதிகள் மூன்றோ அதற்கு மேலோ இருக்கும். அவர்கள் நொதியை அளவுக்கு மீறிச் சுரப்பார்கள். நொதி மிகுந்தால் மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகும், ஆபத்து குறையும் என்றே தோன்றும். கோடீன் விஷயத்தில் அது தலைகீழாகிறது. இருமலுக்கும் வலிக்கும் தரப்படும் கோடீன் தன்னளவில் வலுவற்றது. சிஒய்பி2டி6 அதன் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றிய பிறகுதான் வலி அடங்குகிறது. நொதி இல்லாதவருக்கு வலி குறைவதில்லை. நொதி மிகுந்தவருக்கு, வழக்கமான அளவிலேயே மார்ஃபின் வெள்ளமாகப் பெருகி மூச்சை அடக்கிவிடும். தொண்டைச் சதை அறுவைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இப்படி இறந்ததை அடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013-இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017-இல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாது என்றே அறிவித்தது. மருத்துவர் எழுதிய அளவைத் தாய் சரியாக அளந்து ஊட்டியும் குழந்தை இறந்தது என்பதை நினைத்தால், இந்த அறிவு ஏன் தேவை என்று வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அறுவை அரங்கில் இதே போன்ற ஒரு நிகழ்வு உண்டு. மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் என்ற ஊசிமருந்து ஐந்து, பத்து நிமிடங்களில் செயலிழந்துவிடும். இரத்தத்தில் சுழலும் பியூட்டைரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. அந்த நொதி பழுதானவர்களுக்கு மூச்சுத் தசைகள் மணிக்கணக்கில் எழும்பாது. இது பரம்பரையாக வருவது என்பதை 1950களில் டொராண்டோவில் வெர்னர் காலோ கண்டறிந்தார். உலகின் பெரும்பாலான மக்களிடம் இந்தக் குறை மிக அரிது. ஆனால் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு, ஆரிய வைசிய சமூகத்தில் இது வழக்கத்துக்கு மாறாக அதிகம் என்று காட்டியது. நொதியின் 307-ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் அமர்ந்திருந்தது. எழுத்து ஒன்று மாறியதால் நொதியின் வேலை முழுவதும் நின்றுவிடுகிறது.

ஒரு மாறுபாடு ஒரு சமூகத்தில் இப்படிக் குவிவது அந்தச் சமூகத்தின் குறை அன்று. சிறிய எண்ணிக்கையிலான முன்னோர்களிடமிருந்து கிளைத்து, நூற்றாண்டுகளாகத் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்ட எந்தக் குழுவிலும் இது நேரும். ஐதராபாத் ஆய்வாளர்கள் பங்கேற்று 2017-இல் வெளியான ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட குழுக்களில் 81 குழுக்களிடம் இந்த முன்னோர் விளைவு பின்லாந்து மக்களிடமும் அஷ்கனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட வலுவாகத் தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு குழுவிலும் எந்த மருந்துக்கான எந்த மாறுபாடு ஒளிந்திருக்கிறது என்பதை வெளிநாட்டுப் புள்ளிவிவரத்தைக் கொண்டு ஊகிக்க முடியாது. இங்கேயே தேட வேண்டும். அதே சமயம், சமூகப் பெயர் என்பது ஒரு துப்பு மட்டுமே. ஆபத்தைச் சுமப்பது மரபணு. அது அந்தச் சமூகத்தின் பெரும்பாலோரிடம் இருப்பதில்லை, வெளியே உள்ளவர்களிடமும் இருக்கலாம்.

மலேரியா மருந்தான பிரைமகுவினின் கதை இன்னும் பரந்தது. வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி கல்லீரலில் பதுங்கி மாதங்கள் கழித்து மீண்டும் எழும். அதை வேரறுக்கப் பிரைமகுவின் வேண்டும். ஆனால் சிலருக்கு அதைக் கொடுத்ததும் சிவப்பணுக்கள் கொத்துக்கொத்தாக உடைந்து, சிறுநீர் கறுத்து, சோகை பிடிக்கும். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலச் சிறைக் கைதிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளின் வழியாக, சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடே காரணம் என்று 1956-இல் தெரியவந்தது. கைதிகளை அவ்வாறு பயன்படுத்தியது ஏற்கத்தக்கதல்ல. உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு. ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து சிவப்பணுவைக் காக்கும் ஏற்பாடு இந்த நொதியை நம்பியிருக்கிறது. அது குறைந்தால் மருந்தின் தாக்குதலைச் சிவப்பணு தாங்காது. மலேரியா மண்டிய நிலப்பரப்புகளில்தான் இந்தக் குறைபாடு மிகுதி. மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு தந்ததால்தான் அது அங்கே நிலைத்தது. முன்னோரை மலேரியாவிலிருந்து காத்த அதே மாறுபாடு, இன்று மலேரியாவின் மருந்தை ஆபத்தாக்குகிறது. தொழுநோய் மருந்தான டாப்சோனுக்கும் இது பொருந்தும்.

இதுவரை சொன்னவை மருந்தின் அளவும் நொதியின் திறனும் சார்ந்தவை. முற்றிலும் வேறொரு வகை, நோய் எதிர்ப்பு மண்டலம் ஏமாறுவதால் வருவது. வலிப்புக்கும் முக நரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமசெபின் பல லட்சம் பேர் பயமின்றி உட்கொள்வது. மிகச் சிலருக்கு, தொடங்கிய முதல் சில வாரங்களில், காய்ச்சலும் கண் சிவப்பும் வாய்ப்புண்ணும் வந்து, அதன் பின் தோல் கொப்பளித்துத் தீக்காயம்போல் உரியும். 1922-இல் இதை விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் இது ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்த்தொகுதி எனப்படுகிறது. தோல் பரவலாக உரியும் கடும் வடிவத்தில் மூன்றில் ஒருவர் வரை இறக்க நேரும். பிழைத்தவர்களில் சிலர் பார்வை இழப்பார்கள்.

2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கார்பமசெபினால் இந்த நோய் வந்த 44 பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற வடிவம் இருந்தது. மருந்தைத் தாங்கிய 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது இருந்தது. எச்எல்ஏ புரதங்கள் செல்லின் மேற்பரப்பில் நின்று, உள்ளே உள்ள புரதத் துணுக்குகளைக் காவல் அணுக்களுக்குக் காட்டுபவை. காட்டப்படுவது அந்நியம் என்று தெரிந்தால் அந்தச் செல் அழிக்கப்படும். இந்தக் குறிப்பிட்ட வடிவத்தோடு கார்பமசெபின் ஒட்டிக்கொள்ளும்போது, உடலின் சொந்தத் தோல் செல்லே அந்நியமாகத் தோன்றிவிடுகிறது. எய்ட்ஸ் மருந்தான அபகாவிரில் இன்னும் நுட்பமாக நடக்கிறது. எச்எல்ஏ-பி*57:01 வடிவத்தின் துணுக்கு தாங்கும் பள்ளத்துக்குள்ளேயே மருந்து போய் அமர்ந்து, வழக்கமாக அங்கே அமராத துணுக்குகளை அமரவைக்கிறது என்பது 2012-இல் தெளிவாயிற்று. யூரிக் அமில வாதத்துக்குத் தரும் அலோபியூரினாலுக்கும் இதே போல் எச்எல்ஏ-பி*58:01 உண்டு.

சோதனை உயிர் காக்கும் என்பதற்கு இங்கேதான் உறுதியான சான்று கிடைத்தது. 1,956 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், அபகாவிருக்கு முன் மரபணுச் சோதனை செய்து ஆபத்துள்ளவர்களை விலக்கிய குழுவில், தோல் சோதனையால் உறுதியான எதிர்வினை ஒன்றுகூட வரவில்லை. சோதிக்காத குழுவில் 2.7 விழுக்காட்டினருக்கு வந்தது. தைவானில் 4,877 பேருக்குக் கார்பமசெபினுக்கு முன் சோதனை செய்து, மாறுபாடு உள்ள 7.7 விழுக்காட்டினருக்கு வேறு மருந்து தந்தார்கள். தோல் உரியும் நோய் எவருக்கும் வரவில்லை. முந்தைய அனுபவத்தின்படி ஏறத்தாழ பத்துப் பேருக்கு வந்திருக்க வேண்டும். சிங்கப்பூர் 2013-இல் இந்தச் சோதனையை ஆசிய வழியினருக்கு வழக்கமான மருத்துவத்தின் பகுதியாக்கியது. இந்தியர் உள்ளிட்ட தெற்காசியரில் 2 முதல் 4 விழுக்காட்டினரிடம் இந்த வடிவம் இருப்பதாக அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்கிறது.

ஹாங்காங்கின் அனுபவம் வேறு பாடம் தந்தது. சோதனை கட்டாயமான பின், மருத்துவர்கள் பலர் சோதனையின் தொந்தரவைத் தவிர்க்கக் கார்பமசெபினையே கைவிட்டு ஃபெனிடாய்ன் போன்றவற்றுக்கு மாறினார்கள். கார்பமசெபினால் வரும் தோல் நோய் குறைந்தது; வலிப்பு மருந்துகளால் வரும் மொத்தம் குறையவில்லை. விடை நாள்கணக்கில் தாமதமானால் எந்தச் சோதனைக்கும் இந்தக் கதிதான் நேரும்.

வேகத்தின் அருமையைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு காது தொடர்பானது. ஜென்டமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஊசிகள் பாக்டீரியாவின் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் ஒட்டிக் கிருமியைக் கொல்கின்றன. நம் செல்களுக்குள் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் தனி ரைபோசோம் உண்டு. பண்டைய பாக்டீரியாவிலிருந்து வந்தது என்பதால் அதே சாயல் கொண்டது. அதன் மரபணுவில் 1555-ஆம் எழுத்து மாறியிருந்தால் சாயல் இன்னும் நெருக்கமாகி, மருந்து அங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. உட்செவியின் உணர்மயிர்ச் செல்கள் மடிந்து, கேட்கும் திறன் நிரந்தரமாகப் போய்விடும். கிருமித்தொற்றுடன் பிறந்த குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தர வேண்டியிருக்கும். ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்க நேரம் இல்லை. மான்செஸ்டரில் உருவாக்கப்பட்ட கருவி கன்னத்தின் உட்புறம் தடவி எடுத்த மாதிரியிலிருந்து 26 நிமிடத்தில் விடை சொன்னது. 2022-இல் வெளியான அந்த ஆய்வில் மாறுபாடு உள்ளதாகத் தெரிந்த மூன்று குழந்தைகளுக்கு வேறு மருந்து தரப்பட்டது.

புற்றுநோய் மருத்துவத்தில் ஆபத்து எலும்பு மச்சையில் நேர்கிறது. இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு 6-மெர்காப்டோபியூரினும், சிறுநீரக மாற்றுக்கும் குடல் அழற்சிக்கும் அசத்தியோபிரினும் தரப்படுகின்றன. டிபிஎம்டி நொதி இல்லாத ஏறத்தாழ 300-இல் ஒருவருக்கு வழக்கமான அளவே வெண்ணணுக்களை அழித்துவிடும். நொதியின் இந்த மரபு வேறுபாட்டை 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கண்டறிந்தபின், பல நாடுகள் டிபிஎம்டி சோதனையை ஏற்றுக்கொண்டன. ஆனால் ஆசிய நோயாளிகள் பலருக்குச் சோதனை "பிரச்சினை இல்லை" என்று சொன்ன பிறகும் வெண்ணணு சரிந்தது. 2014-இல் கொரிய ஆய்வாளர்கள் என்யுடிடி15 என்ற வேறொரு மரபணுவில் காரணத்தைக் கண்டார்கள். அந்த மாறுபாடு ஐரோப்பியரிடம் அரிது, கிழக்காசியரிடமும் இந்தியரிடமும் பரவலானது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்தே தேடியதால் கண்ணில் படாமல் போயிற்று. அந்த இடைவெளியில் ஆசியக் குழந்தைகள் பட்ட துன்பம் தவிர்த்திருக்கக்கூடியது. இந்தியாவில் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்துக்கு இந்தக் கோணத்தில் பெரிய பொறுப்பு உண்டு.

சோதனையின் விடையைச் சரியாகப் படிப்பதும் முக்கியம். எச்எல்ஏ-பி*15:02 உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடக் கார்பமசெபினால் தோல் உரிவதில்லை. அபகாவிரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எதிர்வினை வரும். மாறுபாடு இல்லை என்ற விடையும் முழுப் பாதுகாப்பு அல்ல. ஐரோப்பியரிடமும் ஜப்பானியரிடமும் கார்பமசெபின் எதிர்வினைக்கு வேறொரு எச்எல்ஏ வடிவமும் காரணமாகிறது. நல்ல நொதி உள்ளவரும், மனச்சோர்வுக்கு ஃபுளூவாக்ஸெட்டின் எடுத்தால், அது சிஒய்பி2டி6-ஐ அடக்கிவிடுவதால், நொதி இல்லாதவரைப் போல் ஆகிவிடுவார்.

மருந்து தேவைப்படும்போது ஒவ்வொரு மரபணுவாகத் தேடுவதற்குப் பதில், முன்கூட்டியே பலவற்றை ஒன்றாகப் பார்த்துவைக்கும் முறையை ஏழு ஐரோப்பிய நாடுகளில் 6,944 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 12 மரபணுக்களின் விவரம் அடங்கிய அட்டையை நோயாளி வைத்துக்கொள்வார். அதைப் பார்த்து மருத்துவர் மருந்தையும் அளவையும் முடிவு செய்வார். 2023-இல் வெளியான முடிவின்படி, மருந்து மாற்றவேண்டிய விடை கிடைத்தவர்களில் கவனிக்கத்தக்க பாதக விளைவு 27.7 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகக் குறைந்தது.

ஒருவரிடம் மாறுபாடு கண்டறியப்பட்டால், அந்தச் செய்தி அவரோடு முடிவதில்லை. ஆனால் யாருக்குச் சேர வேண்டும் என்பது மரபணுவுக்கு மரபணு மாறும். சக்சமெத்தோனியத்தால் மூச்சு எழாமல் கிடந்தவரின் உடன்பிறந்தோரில் நான்கில் ஒருவருக்கு அதே நிலை இருக்க வாய்ப்புண்டு. பெற்றோர் இருவரும் அறிகுறியின்றித் தலா ஒரு பழுதான பிரதியைச் சுமப்பார்கள். ஜி6பிடி எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாயின் வழியே மகன்களை அதிகம் தாக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் 1555 மாறுபாடு தாயின் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், தந்தையிடமிருந்து போகாது. எச்எல்ஏ வடிவங்களுக்கு ஒரு பிரதியே போதும். உடன்பிறந்தோரில் இருவரில் ஒருவருக்கு இருக்கலாம். அதனால்தான் மயக்க மருந்து தரும் முன், "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அறுவையின்போது கண்விழிக்கவோ மூச்சுவிடவோ தாமதமானதா?" என்று மருத்துவர் கேட்கிறார். மருந்தின் பெயர், அளவு, எத்தனையாவது நாளில் என்ன நேர்ந்தது ஆகியவற்றைக் குறித்த ஒரு துண்டுச்சீட்டு குடும்பத்தில் இருந்தால், அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். இந்தியாவில் 2010 முதல் இயங்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நோயாளிகளே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் அதைத் தெரிவிக்கலாம்.